கணக்கியல் படிக்கிறேன், நாள் முழுக்க உட்கார்ந்திருக்க முடியவில்லை. எனக்கு ஏற்ற வேலை எது?

கேட்டவர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கணக்கியல் படிக்கிறார். பாடம் பிடித்திருக்கிறது, மதிப்பெண்ணும் நன்றாகவே வருகிறது. கடந்த விடுமுறையில் ஆறு வாரம் ஓர் அலுவலகத்தில் பயிற்சிக்குப் போயிருக்கிறார். காலையிலிருந்து மாலைவரை திரை முன்னாலேயே உட்கார்ந்ததில் மூச்சு முட்டியது என்று எழுதியிருக்கிறார். சிறு வயதிலிருந்தே ஓட்டப் பந்தயத்தில் ஓடுபவர். படிப்பை விட்டுவிட்டு விளையாட்டுப் பயிற்சியாளர் படிப்புக்கு மாறலாமா, கணக்கிலேயே ஓடியாடிச் செய்கிற வேலை இருக்கிறதா, அடுத்த விடுமுறைக்குக் கிடைத்திருக்கும் இரண்டு பயிற்சி இடங்களில் எதற்குப் போவது என்று மூன்று கேள்விகள் கேட்கிறார்.

தம்பி, படிப்பை இப்போது விடாதீர்கள். ஆறு வாரத்தில் நீங்கள் பார்த்தது ஒரு வகை வேலையை மட்டும்தான். வவுச்சரைப் பார்த்துப் பதிவது, வங்கிக் கணக்கை ஒத்துப் பார்ப்பது, எக்ஸெல்லில் நிரப்புவது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் தள்ளிவிட எளிதான வேலை அதுதான் என்பதால் எல்லாரும் அதையே கொடுக்கிறார்கள். நான் இந்தத் துறைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. முதலில் வெளித் தணிக்கை, அதாவது மற்ற நிறுவனங்களின் கணக்கை வெளியிலிருந்து போய்ச் சரிபார்ப்பது. பிறகு உள் தணிக்கை, ஒரே நிறுவனத்தில் இருந்துகொண்டு அதன் கணக்கையும் நடைமுறையையும் சரிபார்ப்பது. இப்போது காப்பீட்டு இழப்பு மதிப்பீடு. இதில் பாதி நாளாவது கிடங்கிலும் ஆலையிலும் தீப்பிடித்த கட்டடங்களிலும் நின்றுதான் கழிந்திருக்கிறது. அதனால் உங்கள் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலைகளைப் பற்றிப் பேசும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'உட்கார முடியவில்லை' என்று சொல்பவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை. சிலருக்கு உண்மையிலேயே உடம்பு அசைய வேண்டும். சிலருக்கு இடம் மாற வேண்டும். நேற்று பார்த்த சுவரை இன்றும் பார்க்கப் பிடிக்காது. இன்னும் சிலருக்கு நாற்காலியால் தொந்தரவே இல்லை. எதிரே இருக்கும் எண் எங்கிருந்து வந்தது, யாருடையது என்று தெரியாமல் வேலை செய்வதுதான் அவர்களைத் திணறடிக்கிறது. என்னிடம் வேலை பார்த்த ஒரு பெண் இந்த மூன்றாவது வகை. வெளிவேலை வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். நான்கு மாதத்தில் பயணமே வேண்டாம் என்று வந்து நின்றாள். பேசிப் பார்த்ததில், அவளுக்கு மனிதர்களோடு பேசித் தீர்க்கிற வேலைதான் தேவைப்பட்டிருக்கிறது என்று புரிந்தது. இன்று கடன் வசூல் பேச்சுவார்த்தைகளை நடத்துகிறாள். முழுக்க அலுவலகத்துக்குள்தான், ஆனால் ஒரு நாள்கூடச் சோர்ந்து பார்த்ததில்லை.

ஆகவே அந்த ஆறு வாரத்தைக் கொஞ்சம் திரும்பி யோசித்துப் பாருங்கள். நேரம் போனதே தெரியாமல் இருந்த ஒரு மணி நேரமாவது உண்டா? அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? கோப்பு எடுக்க இரண்டு மாடி இறங்கி ஏறியதா, ஒரு ரசீது ஏன் இரண்டு முறை வந்திருக்கிறது என்று துருவியதா, ஸ்டோர்காரரிடம் போய் விசாரித்ததா? உங்களுக்கு எந்த வகை அசைவு தேவை என்பது அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது.

உடம்பு மட்டும்தான் காரணம் என்று தெரிந்தால், அதற்காக வேலையையே மாற்ற வேண்டிய அவசியம் இல்லாமலும் போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வயது வந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்று சொல்கிறது. ஓட்டக்காரரான நீங்கள் அதைக் காலையிலேயே முடித்துவிடுவீர்கள். ஓடிவிட்டு வந்தும் மதியம் மூன்று மணிக்கு ஜன்னலைப் பார்க்கத் தோன்றுகிறது என்றால், அப்போதுதான் கீழே நான் சொல்லப் போகும் வேலைகள் உங்களுக்கானவை.

கணக்கில் எழுதப்படும் எந்த எண்ணும் அலுவலகத்தில் பிறப்பதில்லை. எங்கோ ஒரு லாரி சரக்கு இறக்கியது, ஒரு இயந்திரம் ஓடியது, ஒரு மாடு கன்று போட்டது. அது நடந்த பிறகுதான் காகிதத்துக்கு வருகிறது. காகிதத்தை மட்டும் பார்த்துத் தணிக்கை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் தொழில் பெரிய விலை கொடுத்துத்தான் பாடம் கற்றது. 1938-இல் அமெரிக்காவில் மெக்கெஸன் அண்ட் ராபின்ஸ் என்ற மருந்து நிறுவனத்தின் மோசடி வெளியே வந்தது. கணக்கில் காட்டிய மொத்தச் சொத்து 8 கோடி டாலருக்கும் மேல். அதில் ஏறத்தாழ 2 கோடி டாலர் பொய். மருந்து மூலப்பொருள் இருப்பாகவும் வரவேண்டிய பாக்கியாகவும் எழுதப்பட்டிருந்தவற்றில் பெரும் பகுதி எங்குமே இல்லை. தணிக்கையாளர்கள் ஆண்டுதோறும் ஆவணங்களை ஒழுங்காகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கிடங்குக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு விதி இல்லை. கடைசியில் நிறுவனத்தின் பொருளாளர் ஜூலியன் தாம்சன் சந்தேகப்பட்டுத் துருவியதில்தான் எல்லாம் வெளியே வந்தது. மறு ஆண்டே, 1939-இல், இருப்பு எண்ணும் இடத்தில் தணிக்கையாளர் நேரில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தணிக்கை நடைமுறையில் சேர்ந்தது. இன்று பன்னாட்டுத் தணிக்கைத் தரங்களில் 501-ஆம் எண் தரம் இதைத்தான் சொல்கிறது: இருப்பின் மதிப்பு பெரிதாக இருந்தால், முடிந்தவரை நேரில் போய் நில்லுங்கள்.

நேரில் போனால் மட்டும் போதாது என்பதற்கு 1963 சாலட் எண்ணெய் மோசடி சாட்சி. நியூ ஜெர்சியில் ஒரு நிறுவனம் பெரிய பெரிய தொட்டிகளில் சமையல் எண்ணெய் இருப்பதாகக் காட்டி அதன்மேல் கடன் வாங்கியது. ஆய்வுக்கு வந்தவர்கள் மேலே ஏறி, மூடியைத் திறந்து, அளவுகோலை இறக்கிப் பார்த்தார்கள். எண்ணெய்தான் ஒட்டி வந்தது. உள்ளே பெரும்பாலும் தண்ணீர். எண்ணெய் மிதக்கும் அல்லவா, மேலே சில அடிக்கு மட்டும் எண்ணெய். ஒரு தொட்டியைப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு நடப்பதற்குள் குழாய் வழியாக எண்ணெயை அங்கே மாற்றியும் இருக்கிறார்கள். கடன் கொடுத்தவர்களுக்கு 15 கோடி டாலருக்கும் மேல் போனது. அந்த ஆய்வாளர்கள் சோம்பேறிகள் அல்லர், ஏணி ஏறியவர்கள்தான். அடிமட்டத்திலிருந்து மாதிரி எடுக்க வேண்டும், எல்லாத் தொட்டிகளையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்று யோசிக்கவில்லை. களத்தில் நிற்கிற கணக்கருக்குக் காலும் வேண்டும், தலையும் வேண்டும் என்று என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இருப்பு எடுப்பு, அதாவது கிடங்கில் இருக்கும் சரக்கை நேரில் எண்ணிச் சரிபார்ப்பது, எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நீங்கள் முதலில் போக வாய்ப்புள்ள களம் அதுதான். என் முதல் இருப்பு எடுப்பு உறைபொருள் கிடங்கு ஒன்றில். உள்ளே மைனஸ் 18 டிகிரி. தடித்த கோட்டு, கையுறை, பூட்ஸ் எல்லாம் கொடுத்தார்கள். அட்டையில் எண்ணிக்கைத் தாளைச் செருகிக்கொண்டு பெருமையாக உள்ளே போனேன். ஐந்தாவது நிமிடம் பேனா எழுதவில்லை, மை உறைந்துவிட்டது. ஸ்டோரில் இருந்த பெரியவர் ஒருவர் எதுவும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கொடுத்தார். அன்று மாலைவரை அந்தப் பென்சில்தான்.

அங்கே செய்யும் வேலை வெறுமனே எண்ணுவது இல்லை. கணக்குப் பட்டியலிலிருந்து சில பொருள்களைத் தேர்ந்தெடுத்து, அவை தரையில் இருக்கின்றனவா என்று தேடிப் போவோம். இது இல்லாததை இருப்பதாக எழுதியிருக்கிறார்களா என்று காட்டும். பிறகு தலைகீழாக, தரையில் கண்ணில் படுகிற சரக்கைக் குறித்துக்கொண்டு வந்து பட்டியலில் தேடுவோம். எழுதாமல் விட்டது எது என்பது இதில் தெரியும். புதிதாக வருபவர்கள் முதலாவதை மட்டும் செய்துவிட்டு வந்துவிடுவார்கள். அடுத்தது, அன்றைய கடைசி வரவுச் சீட்டின் எண்ணையும் கடைசியாக வெளியே போன சீட்டின் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு வந்த சரக்கை இன்றைய கணக்கில் நுழைத்தார்களா என்பதை மாதங்கள் கழித்துக் கண்டுபிடிக்க அந்த இரண்டு எண்கள்தான் உதவும். எண்ணி முடித்த ஒவ்வொரு பேலட்டிலும், அதாவது சரக்கு அடுக்கிய தட்டிலும், சீட்டு ஒட்ட வேண்டும். நான் அன்று ஒரு வரிசையில் ஒட்ட மறந்துவிட்டேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் இடம் வேண்டி அந்தப் பேலட்டுகளை அடுத்த பகுதிக்கு நகர்த்தியிருந்தார். அதையே மறுபடியும் எண்ணிவிட்டேன். மாலையில் பதினான்கு பேலட் அதிகம் வந்தது. குளிரில் மறுபடியும் முதலிலிருந்து. தப்பு முழுக்க என்னுடையது. ஆனால் விறைத்த கையோடு அன்று வெளியே வந்தபோது இந்தத் தொழிலில்தான் இருக்கப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வெளித் தணிக்கையில் ஒரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஓடியாடும் வேலை அதிகம் இருப்பது முதல் நான்கைந்து வருடம்தான். பதவி ஏற ஏற, மற்றவர்கள் களத்திலிருந்து கொண்டுவரும் தாள்களைச் சரிபார்க்கிற வேலை கூடும், நாற்காலி வந்துவிடும். அந்தக் கட்டத்தில் நானும் திணறித்தான் உள் தணிக்கைக்கு மாறினேன். கிளைகள் பரவியிருக்கிற நிறுவனத்தில் உள் தணிக்கையாளராக இருந்தால் மேல்நிலைக்குப் போன பிறகும் பயணம் நிற்காது. கிளைக்குக் கிளை போய் ரொக்கப் பெட்டியை எண்ணுவது, எடைமேடையில் நின்று லாரி எடையையும் சீட்டையும் ஒப்பிடுவது, ஒப்பந்தத் தொழிலாளர் வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களுக்கு ஆள் இருக்கிறார்களா என்று வேலை நடக்கும் இடத்தில் தலை எண்ணுவது, இப்படி. இதற்கென்று உலகளாவிய அமைப்பு 1941-இலேயே தொடங்கப்பட்டது. அது நடத்துகிற சான்றிதழ்த் தேர்வு மூன்று பகுதி கொண்டது. இப்போதைக்கு அதைத் தெரிந்துவைத்திருந்தால் போதும், அவசரம் இல்லை.

ஆலையில் வேலை பார்க்கும் அடக்கவிலைக் கணக்கர் என்று ஒரு வகை உண்டு. மாணவர்கள் இதை ஏனோ கவனிப்பதே இல்லை, எனக்கு அது வருத்தம்தான். ஒரு பொருளைச் செய்ய இவ்வளவு மூலப்பொருள், இவ்வளவு நேரம் என்று காகிதத்தில் ஒரு கணக்கு இருக்கும். மாதக் கடைசியில் உண்மைச் செலவு அதைவிட அதிகமாக வரும். ஏன் என்று கேட்டால் திரையில் பதில் இருக்காது. இறங்கிப் போய் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றால், அச்சு மாற்றும் ஒவ்வொரு முறையும் முதல் இருபது முப்பது துண்டுகள் கழிவுத் தொட்டிக்குப் போவது தெரியும். சின்னச் சின்ன ஆர்டராக ஓட்டினால் அச்சை அடிக்கடி மாற்ற வேண்டும், கழிவு கூடும். இதைக் கண்டுபிடித்துச் சொல்கிற கணக்கரை ஆலையில் எல்லாரும் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருப்பார்கள். தினமும் நடக்கிற வேலை, பயணம் மட்டும் குறைவு. குடும்பத்தை விட்டு அடிக்கடி வெளியூர் போக முடியாதவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் செய்யும் காப்பீட்டு இழப்பு மதிப்பீட்டுக்கு வருகிறேன். ஒரு கிடங்கு எரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எவ்வளவு சரக்கு இருந்தது? எண்ணுவதற்கு எதுவும் மிச்சம் இல்லை. உரிமையாளர் 80 லட்சத்துக்குச் சரக்கு இருந்தது என்கிறார். புத்தகத்தைப் பார்க்கிறோம். ஆண்டுத் தொடக்கத்தில் இருப்பு 40 லட்சம், தீ விபத்து நாள்வரை வாங்கியது 160 லட்சம், விற்றது 200 லட்சம். கடந்த ஆண்டுகளில் விற்பனையில் கால்பங்கு மொத்த லாபம் என்று வைத்துக்கொண்டால், விற்ற சரக்கின் அடக்கவிலை 150 லட்சம். நாற்பதும் நூற்றறுபதும் இருநூறு, அதில் நூற்றைம்பது போனால் மிச்சம் 50 லட்சம். நீங்கள் முதல் ஆண்டில் படித்த கணக்குதான்.

ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. அந்த 30 லட்ச வித்தியாசத்துக்குப் பதில் கிடங்கில்தான் கிடைக்கும். ஹெல்மெட் போட்டுக்கொண்டு உள்ளே போகிறோம். அலமாரிகளின் இரும்புச் சட்டம் வளைந்தாலும் நிற்கும், அவற்றின் நீள அகலத்தை அளக்கலாம். 80 லட்சத்துச் சரக்குக்கு எத்தனை கன அடி வேண்டும், இங்கே இடம் அவ்வளவு இருக்கிறதா? மரச் சாமான் எரிந்தால் கீல், திருகு, கைப்பிடி சாம்பலில் கிடக்கும், அவற்றைச் சல்லடையில் சலித்து எண்ணியிருக்கிறோம். சில சமயம் உரிமையாளர் சொன்னதே சரி என்று வரும். விலை ஏறியிருக்கும், லாப விகிதம் மாறியிருக்கும், இன்னும் பதியாத கொள்முதல் பில் லாரிக்காரரிடம் இருக்கும். அப்படி வருகிற நாளில் எனக்கு மிகுந்த நிம்மதி. வாழ்நாள் உழைப்பு எரிந்துபோன மனிதர் வாசலில் நின்று நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குச் சேர வேண்டியது ஒரு ரூபாய் குறையாமல் சேர வேண்டும் என்ற எண்ணம் இல்லாதவர் இந்த வேலைக்கு வரக்கூடாது.

மோசடிப் புலனாய்வு பற்றிக் கேட்காமல் இருக்கமாட்டீர்கள். மாணவர்கள் எல்லாரும் கேட்பார்கள், அதோடு அமெரிக்கக் குற்றக் கும்பல் தலைவர் அல் கபோன் கதையும் வரும். கொலைக்கும் கடத்தலுக்கும் பிடிபடாத அவரை 1931-இல் வருமான வரி ஏய்ப்புக்காக 11 ஆண்டு சிறைக்கு அனுப்பியது உண்மைதான். அதற்கு உழைத்த அமெரிக்கக் கருவூலத் துறைப் புலனாய்வாளர் ஃபிராங்க் வில்சன். ஆனால் அந்த வழக்கில் திருப்பம் எப்படி வந்தது தெரியுமா? பல மாதம் காகிதங்களைப் புரட்டிச் சலித்துப்போன ஒரு இரவில், பழைய அலமாரியில் கிடந்த ஒரு பேரேட்டை வில்சன் பிரித்துப் பார்த்தார். 1926 சோதனையில் ஒரு சூதாட்ட விடுதியிலிருந்து எடுத்து வந்தது, யாரும் பார்க்காமல் கிடந்தது. அதில் லாபப் பங்கீடு முதலெழுத்துகளாக எழுதியிருந்தது. அதன் பிறகுதான் ஓட்டம்: அந்தக் கையெழுத்து யாருடையது என்று வங்கிச் சீட்டுகளோடு ஒப்பிட்டு, எழுதிய கணக்கர் லெஸ்லி ஷம்வேயைத் தேடிப் பிடித்துச் சாட்சிக் கூண்டுவரை கொண்டு வந்தார்கள். உட்கார்ந்து பார்த்த பொறுமை இல்லாமல் அந்த ஓட்டத்துக்கு வழியே இருந்திருக்காது. இந்தப் பிரிவுக்கு வர ஆசையிருந்தால், சேர்ந்த உடனே துரத்தலும் சோதனையும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில வருடம் சாதாரணத் தணிக்கை பார்த்தவர்களைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள்.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டுமானம், சுரங்கம், சாலைப் பணிகளில் திட்டக் கணக்கர் வேலை நடக்கும் இடத்திலேயே இருப்பார். எவ்வளவு வேலை முடிந்தது என்று நேரில் பார்க்காமல் வருமானம் எழுத முடியாது. திரைப்படத் தயாரிப்புக் கணக்கர் படப்பிடிப்போடு நகர்வார், ஒவ்வொரு நாள் செலவும் அன்றிரவே தெரிந்தாக வேண்டும். நிவாரண அமைப்புகளின் நிதி அலுவலர்களுக்குப் பயணம் மிக அதிகம், மனத் திடமும் வேண்டும். பண்ணைகளும் உண்டு. பன்னாட்டுக் கணக்கியல் தரம் 41 மாடு, மீன், அறுவடைக்கு நிற்கிற பயிர் ஆகியவற்றை அன்றைய சந்தை மதிப்பில், விற்பனைச் செலவைக் கழித்துக் காட்டச் சொல்கிறது. மதிப்புப் போட முதலில் எண்ண வேண்டும். மாடுகளை ஒற்றை வாசல் வழியாக ஒவ்வொன்றாக விட்டு, காதுச் சீட்டைப் படித்து எண்ணுவார்கள். அரை நாள் தூசியில் நிற்க வேண்டும், எனக்கு மிகப் பிடித்த நாள்களில் அதுவும் ஒன்று.

சிரமங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். களத்தில் ஒரு நாள் நின்றால் அதைப் பற்றி எழுதப் பெரும்பாலும் ஒரு நாள் மேசையில் உட்கார வேண்டும். நாற்காலியே இல்லாத கணக்கு வேலை எங்கேயும் கிடையாது. பாதி நேரம் நாற்காலி இருக்கிற வேலை கிடைக்கும், மூன்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் இருக்கிற வேலை தேடினால் கிடைக்கும். ஆண்டு இறுதியில் ஊரே விடுமுறையில் இருக்கும்போது நாம் கிடங்கில் இருப்போம். தூசி, சத்தம், நேரம் கெட்ட சாப்பாடு. நாற்பதுக்கு மேல் முழங்கால் பேச ஆரம்பிக்கும். சிறு குழந்தை இருந்த வருடங்களில் எனக்குப் பயணம் பெரும் பாரமாக இருந்தது. இன்னொன்று, தொழில்நுட்பம் வெளிவேலையில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறது. 2020 பெருந்தொற்றுக் காலத்தில் நேரலை வீடியோவிலேயே இருப்பு எடுப்பைப் பார்த்தோம். திறந்தவெளியில் குவிந்திருக்கும் நிலக்கரியை ட்ரோன் அளந்து கொடுக்கிறது. ஆனாலும் கேமராவை யாரோ பிடித்திருக்கிறார்கள் அல்லவா? அதை எந்த மூலைக்குத் திருப்பச் சொல்ல வேண்டும் என்பது, கிடங்கில் நின்று பழகியவருக்குத்தான் தோன்றும்.

கல்லூரியில் இருக்கும்போதே என்ன செய்யலாம்? விருப்பப் பாடத்தில் தணிக்கை, அடக்கவிலைக் கணக்கு, புள்ளியியல் இவற்றை எடுங்கள். புள்ளியியல் ஏன் என்றால், பத்தாயிரம் பெட்டியில் எந்த நூறைத் திறப்பது என்று முடிவு செய்வது அதுதான். எக்ஸெல்லையும் தரவுத்தளக் கேள்வி எழுதுவதையும் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். திரையைப் பிடிக்காதவரிடம் இதைச் சொல்வது முரணாகத் தெரியலாம். மேசை வேலையை இரண்டு மணி நேரத்தில் முடிக்கத் தெரிந்தவரைத்தான் மிச்ச நேரத்துக்கு வெளியே அனுப்புவார்கள். நாள் முழுக்க அதிலேயே திணறுபவர் அங்கேயேதான் இருப்பார். கல்லூரி விளையாட்டுக் குழுவுக்கோ பயணக் குழுவுக்கோ பொருளாளர் பொறுப்பு கிடைத்தால் விடாதீர்கள். ஓட்டப் போட்டி நடத்தும் நாளில் பதிவுக் கட்டணம் எவ்வளவு வந்தது, எத்தனை பேர் உண்மையில் ஓடினார்கள், எத்தனை பதக்கம் மிச்சம் என்று மூன்றையும் ஒத்துப் பார்த்தால், நான் மேலே சொன்ன அத்தனையும் சின்ன அளவில் அங்கே இருக்கும். வாகனம் ஓட்டும் உரிமம் எடுத்துவிடுங்கள். குறிப்பு எழுதப் பழகுங்கள்: நேரம், இடம், பார்த்தது, சொன்னவர் யார். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் படித்தாலும் அதே இடத்தில் போய் நிற்க முடிய வேண்டும்.

விளையாட்டுப் பயிற்சியாளர் ஆசையைப் பற்றி. அது நல்ல தொழில், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மற்றவர்களை ஓடவைப்பதில் உங்களுக்கு ஆனந்தம் இருந்தால், படிப்போடு கூடவே சனி ஞாயிறுகளில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பாருங்கள். நீங்கள் ஓடுவது வேறு, நாற்பது பிள்ளைகளை வாரந்தோறும் பொறுமையாக ஓடவைப்பது வேறு. ஒரு வருடம் செய்த பிறகும் அதே ஆசை இருந்தால், பட்டத்தை முடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போங்கள். விளையாட்டுச் சங்கங்களிலும் மைதானங்களிலும் கணக்குத் தெரிந்த பயிற்சியாளருக்கு எப்போதும் தேவை இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் பாதியில் விட்டால் அந்த வழியும் சேர்ந்து குறுகும்.

கடைசியாக, உங்களுக்கு வந்திருக்கும் இரண்டு இடங்கள். ஒன்று பெரிய அலுவலகம், வரிப் படிவம் தயாரிக்கும் பிரிவு, உதவித்தொகை நன்றாக இருக்கிறது. இன்னொன்று சிறிய தணிக்கை அலுவலகம், தொகை குறைவு, சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் இருப்புச் சரிபார்ப்புக்கு அனுப்புவோம் என்கிறார்கள். வீட்டில் பண நெருக்கடி இல்லையென்றால் இரண்டாவதற்குப் போங்கள். நெருக்கடி இருந்தால் தயங்காமல் முதலாவதற்குப் போய், ஆண்டு இறுதியில் இருப்பு எடுப்புக்கு மட்டும் இரண்டு மூன்று நாள் ஆள் தேடுகிற அலுவலகங்களில் பெயர் கொடுத்து வையுங்கள். மாணவர்களைக் கூப்பிடுவது வழக்கம்தான்.

ஆனால் ஒப்புக்கொள்ளும் முன் அந்தச் சிறிய அலுவலகத்தில் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். போன முறை வந்த பயிற்சி மாணவர் மொத்தம் எத்தனை நாள் கிடங்குக்குப் போனார்? கூட ஒரு மூத்தவர் வருவாரா, தனியாக அனுப்புவார்களா? ஹெல்மெட்டும் பாதுகாப்புக் காலணியும் யார் தருவது? எண்ணிக்கையாகப் பதில் சொல்லாமல் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று மழுப்பினால், அங்கேயும் உங்களை வவுச்சர் பதிய உட்காரவைப்பார்கள் என்று அர்த்தம். தனியாகத்தான் போக வேண்டும் என்றால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் அன்றே சரி சொல்லுங்கள், அந்த மாதிரி இடம் நீண்ட நாள் காலியாக இருக்காது.